நம் பிள்ளைகளும் ஆங்கில மேடையும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு உரைத்தொடரில், கொழும்பு வெள்ளவத்தையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயற்குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு, 'மாணவிகளின் ஆங்கிலப் பேச்சு: ஆளுமை, இடர்பாடு, தேர்ச்சி' என்பது. முப்பது வருடங்களுக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்தவள் என்பதால் என்னைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். நூற்றாண்டு விழாவில் பழம்பெருமை பேசுவது சுலபம், இனிமையும்கூட. இந்தத் தலைப்பு அவ்வளவு இனிமையானதல்ல. நல்ல பெறுபேறுகளோடு இந்த வாசலை விட்டு வெளியேறும் நம் பிள்ளைகளில் பலர், ஐந்து நிமிடம் எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேச வேண்டிய இடத்தில் பின்வாங்கிவிடுகிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் பல்கலைக்கழகப் புள்ளி போகிறது. நேர்முகப் பரீட்சையில் வேலை போகிறது. ஆகவே இதைப் பேசத்தான் வேண்டும்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். முகாமைத்துவம் படிக்கப் பல்கலைக்கழகம் போனவள். முதலாம் வருடத்தில், நான்கு பேர் கொண்ட குழுவாக ஒரு விடயத்தை ஆராய்ந்து வகுப்பின் முன் ஆங்கிலத்தில் முன்வைக்க வேண்டும். தகவல் தேடியது இவள். கணக்குப் போட்டது இவள். திரையில் காட்டுவதற்கான பக்கங்களைச் செய்ததும் இவள். பேசும் முறை வந்தபோது, தன் பங்கைப் பக்கத்தில் நின்ற தோழியிடம் கொடுத்துவிட்டு, கணினியின் பொத்தானை அழுத்தும் வேலையை எடுத்துக்கொண்டாள். புள்ளி பேசியவர்களுக்குப் போனது. பிறகு என்னிடம் வந்து, "எனக்குப் பேச வராது மிஸ். என்ர குணம் அப்பிடி" என்றாள். நான்கு வருடமும் பொத்தானையே அழுத்திக் கடத்திவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

'என்ர குணம் அப்பிடி' என்ற மூன்று சொற்களை உங்களோடு சேர்ந்து இன்று சோதித்துப் பார்க்க விரும்புகிறேன்.

ஒரே பிள்ளை, இரண்டு மொழி

அந்தப் பிள்ளையின் வீடு கொட்டாஞ்சேனையில். அந்த இடத்தை அறிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், இன்னொரு பக்கம் சென். லூசியாஸ் பேராலயம், நடுவே தமிழையும் சிங்களத்தையும் ஒரே மூச்சில் கதைக்கும் சனம். இந்தப் பிள்ளை மரக்கறிக் கடையில் சிங்களத்தில் விலை பேசுவாள். முச்சக்கரவண்டிக்காரரோடு சிங்களத்தில் நின்று வாதாடுவாள். அவளுடைய சிங்களத்தில் பிழை நிறைய உண்டு. சொல் கிடைக்காத இடத்தில் தமிழைப் போடுவாள், கையைக் காட்டுவாள், சிரிப்பாள், மேலே போவாள். ஒருவரும் அவளைத் திருத்துவதில்லை. அவளும் பிழையை எண்ணிக்கொண்டு நிற்பதில்லை.

வெள்ளவத்தைப் பிள்ளைகளும் இப்படித்தான். காலி வீதிக் கடைகளில் அவர்கள் கதைக்கும் சிங்களத்தைக் கேட்டுப் பாருங்கள். அதே வாய், அதே நாக்கு, அதே குணம். குணம்தான் தடை என்றால் அது மொழிக்கு மொழி மாறியிருக்காது. இரண்டாவது மொழியில் துணிவாக நிற்கிற பிள்ளை மூன்றாவது மொழியில் மட்டும் ஏன் ஊமையாகிறாள்?

சிங்களத்தில் அவள் கதைக்கும்போது, கேட்பவருக்குத் தெரிய வேண்டியது எத்தனை கிலோ போஞ்சி என்பதுதான். ஆங்கிலத்தில் கதைக்கும்போது, கேட்பவர் இன்னொன்றையும் அளக்கிறார்: இவள் எந்த வீட்டுப் பிள்ளை, எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஊர், எவ்வளவு 'தரம்'. அது பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். ஆகவே அவளுடைய பயத்தை மொழிப் பயம் என்று சொல்வது போதாது. தன்னை எடைபோடப் போகிறார்கள் என்ற பயம் அது.

அந்த வாள்

நம் சிங்களச் சகோதரர்கள் ஆங்கிலத்துக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்: 'கடுவ'. வாள் என்று பொருள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த தமிழரான பேராசிரியர் திரு கந்தையா, 1984 இல் அந்தப் பெயரையே தலைப்பில் வைத்து ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கிலம் இந்த நாட்டில் எப்படி அதிகாரத்தின் ஆயுதமானது என்பதே அதன் பொருள். 'நொட்', 'பொட்' என்ற சொற்களில் வரும் உயிரொலியை ஒருவர் எப்படி உச்சரிக்கிறார் என்பதை வைத்தே, அவர் இன்ன இடத்துக்காரர் என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கமும் கொழும்பில் இருந்தது. அது இன்னும் முற்றாகப் போய்விடவில்லை.

இந்த வாள் எப்படி வந்தது என்று சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். நம் சங்கத்தின் ஆரம்பகாலத்து அக்காமார் ஆங்கிலத்திலேயே படித்தார்கள். 1932 இல் கொழும்பு வடக்குத் தொகுதி மக்கள், ஓர் இடைத்தேர்தலில் நேசம் சரவணமுத்து அம்மையாரை இலங்கை அரசாங்க சபைக்குத் தெரிவுசெய்து அனுப்பினார்கள். அந்தச் சபையில் அமர்ந்த இரண்டாவது பெண் அவர். சபை அலுவல்கள் நடந்த மொழி ஆங்கிலம். அப்படியொரு தமிழ்ப் பெண் அங்கே எழுந்து பேசியது நமக்குப் பெருமை. ஆனால் அந்தக் காலத்தில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டி அனுப்ப முடிந்த வீடுகள் எத்தனை என்பதையும் மறக்கக்கூடாது.

1944 இல் அரசாங்க சபையில் ஜே.ஆர். ஜயவர்தன கொண்டுவந்த பயிற்றுமொழிப் பிரேரணை, சிங்களத்தோடு தமிழும் சேர்க்கப்பட்டு நிறைவேறியது. 1945 இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. இந்த இரண்டும் நடந்திராவிட்டால் இந்த மண்டபத்தில் இருக்கும் நம்மில் பலர் பள்ளிக்கூட வாசலையே கண்டிருக்க மாட்டோம். தாய்மொழியில் படித்ததால் சிந்திக்கப் பழகினோம். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால் ஆங்கிலம் எங்கும் போய்விடவில்லை. 1956 இன் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பிறகும் அது மருத்துவ பீடத்தில் இருந்தது, பெரிய கம்பனிகளில் இருந்தது, கொழும்பின் சில வரவேற்பறைகளில் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு மட்டும் அது நேரசூசியில் ஒரு பாடமாகச் சுருங்கியது. 1983 க்குப் பிறகும், 1995 இல் யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகும் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தை ஒழுங்கைகளில் அறை எடுத்துத் தங்கி, நம் வகுப்பறைகளில் வந்து அமர்ந்த பிள்ளைகளை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆங்கில இலக்கணத்தில் சில பேர் கொழும்புப் பிள்ளைகளையே வென்றுவிடுவார்கள். வாய் திறக்கச் சொன்னால் தலை குனிந்துவிடும்.

2001 இல் உயர்தர விஞ்ஞானப் பாடங்களையும், 2002 முதல் தரம் 6 இலிருந்து சில பாடங்களையும் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் ஆங்கிலத்தில் படிக்க அரசு இடமளித்தது. 2009 ஆம் ஆண்டை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டு என்றே அறிவித்தார்கள். இவற்றால் பயன் உண்டு. ஆயினும் நாம் எழுதிய சாதாரண தர ஆங்கிலப் பரீட்சையில் இரண்டு வினாத்தாள்கள் இருந்தன, இரண்டும் எழுத்துத்தான். பரீட்சை ஒருநாளும் நம் குரலைக் கேட்டதில்லை. பதினொரு வருடம் ஆங்கிலம் படித்து, திறமைச் சித்தியும் பெற்று, ஒரு முறைகூட எழுந்து நின்று இரண்டு நிமிடம் தொடர்ச்சியாக ஆங்கிலம் பேசாமலே பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேற முடிந்தது. அப்படி வந்தவளைப் பார்த்து 'ஆளுமை போதாது' என்று சொல்வது நியாயமா?

ஆளுமை

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். கலகலப்பானவள் நன்றாகப் பேசுவாள், அமைதியானவள் பேசமாட்டாள் என்பது பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் ஊறிப்போன எண்ணம். அகமுகம், புறமுகம் என்று மனிதரைப் பிரித்துப் பார்க்கும் வழக்கத்தை 1921 இல் கார்ல் யுங் தன் நூலால் பரப்பினார். மொழி கற்பதில் இந்தக் குணவேறுபாடு எவ்வளவு பாதிக்கிறது என்று பலரும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1978 இல் கனடாவில் வெளியான 'நல்ல மொழி மாணவர்' ஆய்வு, புறமுகமானவர்களே மொழியில் தேர்ச்சி பெறுகிறார்கள் என்பதற்குத் தெளிவான ஆதாரத்தைக் காணவில்லை. 1999 இல் டெவாலே, ஃபர்ன்ஹாம் என்ற இருவர் இதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வேறொன்றைக் கவனித்தார்கள். நெருக்கடியான சூழலில் பேசச் சொன்னால், புறமுகமானவர்களின் பேச்சு ஓரளவு சரளமாக இருக்கிறது. நெருக்கடி என்ற சொல்லைக் கவனியுங்கள். நெருக்கடியைக் குறைத்தால் வேறுபாடும் குறையும் என்பதுதான் இதில் நமக்குக் கிடைக்கும் செய்தி.

என் அனுபவமும் அதுதான். கலகலப்பான பிள்ளை சரளமாகத் தொடங்குவாள். மூன்றாவது நிமிடத்தில் சொல்ல விடயம் இருக்காது. அமைதியான பிள்ளை ஆயத்தம் செய்திருப்பாள், நேரத்தை மதிப்பாள், கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல்வாள். இவள் பேச்சாளராக வருவதற்குக் குணத்தை மாற்றத் தேவையில்லை.

1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்து கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கூட்டம் கூட்டமாகப் பேசினார். அதே மனிதர் இளம் வயதில் இலண்டனில், தாவர உணவுச் சங்கக் கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு போன தன் கருத்தை வாசிக்கக்கூட முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அவருக்காக வேறொருவர் அதை வாசித்தார். தன் சுயசரிதையில் இதை மறைக்காமல் எழுதிய காந்தி, அந்தக் கூச்சமே சொற்களைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தனக்குக் கற்றுத்தந்தது என்றும் சொல்கிறார். கூச்சத்தோடு பிறந்தவர் கூச்சத்தோடே பேசப் பழகினார்.

எங்கே நாக்குத் தடக்குகிறது?

அடுத்தது இடர்பாடு. பிள்ளைகள் பொதுவாக 'பயமாயிருக்கு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அதைப் பிரித்துப் பார்த்தால்தான் மருந்து கொடுக்கலாம்.

பேசும்போது மூளைக்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன. என்ன சொல்வது என்று தீர்மானிப்பது, அதற்குச் சொல்லும் வசனமும் தேடுவது, வாயால் உச்சரிப்பது, உச்சரித்தது சரியா என்று தானே கேட்டுக்கொள்வது. தாய்மொழியில் நடு இரண்டும் தானாக நடக்கும். ஆங்கிலத்தில் வசனம் கட்டுவதற்கே நம் கவனத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. அந்த நேரத்தில் பதகளிப்பும் வந்து அதே கவனத்தில் பங்கு கேட்கிறது. எழுத்தில் பிழைவிடாத பிள்ளை பேச்சில் 'ஹீ கோ' என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். இலக்கணம் தெரியாமல் இல்லை, எடுப்பதற்குக் கை போதவில்லை.

தமிழ் வசன அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. 'நேற்று வெள்ளவத்தைச் சந்தையில் நான் வாங்கிய மாம்பழம் புளித்தது' என்று தமிழில் நினைக்கிறோம். மாம்பழம் கடைசிக்கு அருகில் வருகிறது. ஆங்கிலத்தில் மாம்பழத்தை முன்னே தூக்கி வைத்துவிட்டுத்தான் சந்தையையும் நேற்றையும் சொல்ல வேண்டும். மனதில் தமிழ் வசனத்தை முழுதாகக் கட்டி, பிறகு அதைப் புரட்டிப்போடுகிற பிள்ளைக்கு நடுவில் மூச்சு வாங்கும். நீண்ட வசனத்தை இரண்டு சின்ன வசனமாக்கச் சொல்லிக்கொடுத்தால் பாதி தடுமாற்றம் போய்விடும்.

உச்சரிப்பில் 'பஸ்' என்பதற்கும் 'பேப்பர்' என்பதற்கும் நம்மிடம் ஒரே 'ப' தான். அதைவிட முக்கியமானது அழுத்தம். 'பிரசென்ட்' என்ற சொல்லையே எடுங்கள். முதல் அசையை அழுத்தினால் பரிசு, இரண்டாம் அசையை அழுத்தினால் முன்வைத்தல். தமிழில் அழுத்தம் இப்படிப் பொருளை மாற்றுவதில்லை, ஆகவே நம் காதுக்கு அது பழக்கமில்லை. ஒரு பேச்சில் வரும் முக்கியமான பத்துச் சொற்களின் அழுத்தத்தை முன்கூட்டியே பழகிக்கொண்டால் போதும். இலண்டன்காரர் போலப் பேச வேண்டும் என்ற அவசியமில்லை. இலங்கை ஆங்கிலத்துக்கென்றே மைக்கேல் மெய்லர் 2007 இல் ஓர் அகராதி வெளியிட்டிருக்கிறார். நமக்கென்று ஓர் ஆங்கிலம் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வளர்ப்பும் ஒரு காரணம். பெரியவர்களின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக் கதையாதே, பெண்பிள்ளை சத்தம் போடாதே என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். பல்கலைக்கழகத்துப் புள்ளித்தாளில் 'பார்வைத் தொடர்பு' என்று ஒரு வரி, 'குரல்' என்று ஒரு வரி. பதினெட்டு வருடம் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கித்தந்த பழக்கத்துக்கு, பத்தொன்பதாவது வருடத்தில் புள்ளி குறைக்கிறார்கள். அதிபரைப் பற்றி ஆங்கிலத்தில் 'ஷீ' என்று சொல்லவே சில பிள்ளைகளுக்கு நாக் கூசும். இதைக் குறை என்று சொல்லாமல், மேடைக்கு ஒரு பழக்கம், வீட்டுக்கு ஒரு பழக்கம் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கடைசியாக, பாடமாக்குதல். தேவாரமும் வாய்ப்பாடும் பாடமாக்கி வளர்ந்த நமக்கு, ஆங்கிலப் பேச்சையும் எழுத்துக்கு எழுத்துப் பாடமாக்குவது இயல்பாகத் தோன்றும். அகில இலங்கை ஆங்கில மொழித் தினப் போட்டிக்கு அது ஒருவேளை உதவலாம். வகுப்பு முன்வைப்புக்கு உதவாது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் முழுவதும் போய்விடும். முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் பாடமாக்குங்கள். நடுவில் ஐந்து குறிப்புகளை ஒரு சிறிய அட்டையில் எழுதிக் கையில் வைத்திருங்கள். இது பின்வரிசையில் இருக்கும் தங்கைமாருக்கு.

சிரிப்பு

1986 இல் அமெரிக்காவில் எலேன் ஹோர்விட்ஸும் அவருடைய துணையாளர்களும், அந்நிய மொழி வகுப்பில் மாணவர்களுக்கு வரும் பதகளிப்பை அளக்க 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். இன்றும் உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒரு கூற்று, தான் பேசும்போது மற்ற மாணவர்கள் சிரித்துவிடுவார்களோ என்ற பயத்தைப் பற்றியது. கொட்டாஞ்சேனைக்கும் டெக்ஸஸுக்கும் அந்த ஒன்றில் வேறுபாடில்லை.

நம்மிடையே இந்தச் சிரிப்பு இரண்டு பக்கமாக வெட்டும். பிழைவிட்டால் சிரிப்பு. பிழையில்லாமல் பேசினால், 'இப்ப பெரிய ஆள், எடுப்புக் காட்டுறா' என்ற பேச்சு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தன் மாணவர்கள் ஆங்கிலப் பாடநூலின் ஓரங்களில் கிறுக்கியவற்றையும் வரைந்தவற்றையும்கூட ஆராய்ந்து 1999 இல் ஒரு நூல் எழுதினார். ஆங்கிலம் வேண்டும், ஆனால் அதற்காக நம்மை நாமே விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற இரட்டை மனம் அந்த மாணவர்களிடம் இருந்தது. நம் பிள்ளைகளிடமும் அது இருக்கிறது. இரண்டு பக்கமும் வெட்டுகிற வாளின் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு, வாயை மூடிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம், அவையறிதலுக்கு ஓர் அதிகாரம், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரம் என்று தனித்தனியாக வகுத்திருக்கிறார். பேசத் தெரிவது வேறு, சபைக்கு அஞ்சாமை வேறு என்று அவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது. அஞ்சுகிறவன் கையில் உள்ள வாளையும், சபைக்கு அஞ்சுகிறவன் படித்த நூலையும் அவர் ஒன்றாகவே வைத்துப் பேசுகிறார். அந்த மூன்று அதிகாரங்களும் பேசுகிறவருக்குச் சொன்னவை. சபையாக அமர்ந்திருக்கிற நமக்கு ஒரு கடமை இல்லையா?

தேர்ச்சி என்பது எது?

தலைப்பின் மூன்றாவது சொல் தேர்ச்சி. பிழையில்லாத ஆங்கிலமே தேர்ச்சி என்று நினைத்தால், பேசாமல் இருப்பவளே அதிகத் தேர்ச்சி பெற்றவள், ஏனென்றால் அவள் பிழையே விடவில்லை. நான் வைத்திருக்கும் அளவு வேறு. சொல்ல நினைத்தது கேட்பவருக்குப் போய்ச் சேர்ந்ததா? சொல் கிடைக்காதபோது வேறு வழியில் சொல்லிக் கடந்தாளா? விளங்காத கேள்வியை 'திரும்பச் சொல்வீர்களா' என்று கேட்கத் துணிந்தாளா? இந்த மூன்றும் இருந்தால் அவள் தேர்ந்தவள். இந்த மூன்றையும் நம் பிள்ளைகள் மரக்கறிக் கடையில் சிங்களத்தில் தினமும் செய்கிறார்கள்.

இதைப் பழக்குவதற்கு ஒரு சுலபமான பயிற்சி உண்டு. நியூசிலாந்தின் போல் நேஷன் என்ற மொழிக்கல்விப் பேராசிரியர் அதைப் பரவலாக அறிமுகப்படுத்தினார். ஒரு பிள்ளை தனக்கு நன்கு தெரிந்த ஒரு விடயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம் சொல்ல வேண்டும். அதே விடயத்தை இரண்டாவது ஆளிடம் மூன்று நிமிடத்தில். மூன்றாவது ஆளிடம் இரண்டு நிமிடத்தில். விடயம் மாறுவதில்லை, ஆகவே என்ன சொல்வது என்ற யோசனை குறைகிறது. கேட்பவர் மாறுகிறார், ஆகவே அலுப்புத் தட்டுவதில்லை. நேரம் குறைகிறது, ஆகவே சுற்றி வளைக்காமல் பேச்சு ஓடத் தொடங்குகிறது.

நான் முன்பு சொன்ன பிள்ளையோடும் இதைத்தான் செய்தோம். முதல் விடயம், அவளுடைய அப்பா துறைமுகத்தில் பார்க்கும் வேலை. முதல் முறை நான்கு நிமிடத்தில் இரண்டு நிமிடம் மௌனம். மூன்றாவது ஆளிடம் போனபோது, ஒரு கொள்கலன் கப்பலிலிருந்து எப்படி இறங்குகிறது என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். 'ஹீ கோ' என்ற பிழை அப்படியே இருந்தது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர், 'கொள்கலன் மாறிப்போனால் என்ன செய்வார்கள்' என்று உண்மையான ஆவலோடு கேட்டார். அவளும் பதில் சொன்னாள். அடுத்த தவணையில் குழுவின் முன்வைப்பில் தன் பங்கைத் தானே பேசினாள். புள்ளி நடுத்தரம்தான். குணமும் மாறவில்லை, இன்றும் அமைதியானவள்தான்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள்

நான்கும் மூன்றும் இரண்டும் ஒன்பது. நூற்றாண்டு காணும் சங்கத்திடம் நான் கேட்பது ஒன்பது நிமிடம். கட்டடம், மண்டபம், கணினி அறை எல்லாம் நீங்கள் தந்திருக்கிறீர்கள். அவற்றுக்கு நன்றி. நம் பிள்ளைகளிடம் இல்லாதது, சிரிக்காமல் கேட்கும் மூன்று காதுகள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் பழைய மாணவிகளே, நீங்கள் அங்கே வேலைத்தலத்தில் தினமும் ஆங்கிலம் பேசுகிறீர்கள். முதல் நாள் அங்கே வாய் திறந்தபோது உங்கள் நெஞ்சு எப்படி அடித்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கிழமைக்கு ஒருமுறை, கைத்தொலைபேசித் திரையில், மூன்று பேர் சேர்ந்து ஒரு பிள்ளைக்கு ஒன்பது நிமிடம் கொடுங்கள். இங்கே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருப்பவர்கள் சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்கே வரலாம்.

கேட்பவர்களுக்குச் சில விதிகள் உண்டு. பிள்ளை பேசும்போது இடைமறித்துத் திருத்தாதீர்கள். அவள் தேடும் சொல்லை நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். பத்து வினாடி மௌனம் உங்களுக்கு நீளமாகத் தெரிந்தாலும், அவளுக்கு அது வேலை நேரம். 'எந்த ஒழுங்கை, அப்பா என்ன வேலை' என்று விசாரிக்காதீர்கள். அவளாக விரும்பிச் சொன்னால் அது வேறு. உங்கள் பிள்ளைகளின் வெளிநாட்டு உச்சரிப்போடு ஒப்பிடாதீர்கள். முடிந்த பிறகு, அவள் சொன்ன விடயத்தைப் பற்றி, உங்களுக்கு உண்மையாகவே தெரியாத ஒன்றைக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில்தான் அவள் தன்னைப் பரீட்சைக்கு வந்தவள் என்ற நிலையிலிருந்து, விடயம் தெரிந்தவள் என்ற நிலைக்கு உயர்வதை உணர்வாள்.

ஆசிரியப் பெருந்தகைகளுக்கும் ஒரு விண்ணப்பம். குழு முன்வைப்பு வைக்கும்போது, பக்கங்களைச் செய்தவள் யார், பொத்தானை அழுத்துகிறவள் யார் என்று ஒருமுறை பாருங்கள். காலைக் கூட்டத்தில் மேடையேறும் முகங்கள் வருடம் முழுவதும் அதே ஆறு முகங்களா என்றும் பாருங்கள்.

மண்டப வாசலில், நம் செயலாளர் ஒரு கொப்பி வைத்திருக்கிறார். ஒன்பது நிமிடம் கொடுக்க விரும்புகிறவர்கள் பெயரையும், எந்த நாட்டு நேரம் வசதி என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். இந்த உரையை மலரில் வாசிக்கிறவர்கள் சங்கத்துக்கு எழுதித் தெரிவியுங்கள். முதல் பன்னிரண்டு மாணவிகளின் பட்டியலை அதிபர் ஏற்கனவே தந்துவிட்டார். அவர்களுக்கு முப்பத்தாறு பேர் தேவை.